கட்டில், குழாய், ஒரு கதவு

தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் நாங்க வீடு கட்டி ஆறு வருஷம் ஆச்சு. கட்டின புதுசுலயே அதைப் பத்தி எழுதணும்னு அஸ்திவாரத்துல இருந்து கிரகப்பிரவேசம் வரைக்கும் படமெல்லாம் எடுத்து வச்சிருந்தேன். எழுதலை. எழுத உட்காரும்போதெல்லாம் அம்மாவோட கட்டில் ஹால்ல கிடக்கறது கண்ணுல படும். மூடி வச்சிட்டு எழுந்துடுவேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பிளான் போட்டுக்கிட்டு இருந்த நேரம். ஆர்க்கிடெக்ட் லேப்டாப்போட வந்து உட்கார்ந்திருக்கார். தங்கமணி காபி கொண்டுவந்து வைக்கறாங்க. நான் ஏதோ எல்லாம் தெரிஞ்ச மாதிரி மண்டையை ஆட்டிக்கிட்டு இருக்கேன். அம்மா வாசப்படிக்கிட்ட நின்னுக்கிட்டுச் சொன்னாங்க.

"தம்பி, என் ரூம்ல கட்டிலை ஜன்னலோரமாவும் போடற மாதிரி இருக்கணும், வெயில் வந்தா இந்தப் பக்கம் இழுத்துப் போடற மாதிரியும் இருக்கணும். ரூமுக்குள்ளயே ஒரு கொழா. அப்புறம் வெளில போக ஒரு கதவு. அவ்ளோதான்ப்பா."

எங்களோடது முனை வீடு. பக்கச்சுவர் தெருவுக்குத் தெரியும். அங்க ஒரு கதவு வச்சா எலிவேஷனே போயிடும் சார்னு அவர் சொன்னார். குழாயைப் பத்தி நான்தான் சொன்னேன், "ரூமுக்குள்ள குழா வைக்க இது என்ன ஹாஸ்டலாம்மா?"னு. கட்டிலுக்கு அவர் ஏற்கெனவே ஓர் இடம் வரைஞ்சு, தலைமாட்டுல லைட் பாயிண்ட் எல்லாம் குறிச்சிருந்தார். அம்மா ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க. அவர் மேல தப்பு சொல்ல வரலை. மரியாதையான மனுஷர். "அம்மா என்ன கேட்கறாங்க?"ன்னு அவர் திரும்பிக் கேட்டப்போ, "அதெல்லாம் நான் சொல்லிக்கறேன் சார்"னவன் நான்.

இன்னைக்கு அந்த ரூம்ல பழைய பேப்பரும் ரெண்டு அட்டைப்பெட்டியும் இருக்கு. அம்மா ஹால்ல, பின்வாசலுக்கு நேரா கட்டில் போட்டுக்கிட்டுப் படுக்கறாங்க.

சரி, இந்தப் புலம்பல் இப்ப எதுக்கு? போன மாசம் கட்டடக்கலை வரலாறு பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நெதர்லாந்தில் உத்ரெக்ட் என்று ஓர் ஊர். அங்கே 1924-ல் ஒரு விதவைத் தாய் தன் ஆர்க்கிடெக்டிடம் வைத்த நிபந்தனைகள் என்று மூன்றைப் போட்டிருந்தது. ஒவ்வொரு அறையிலும் கட்டிலைக் குறைந்தது இரண்டு விதமாகப் போட முடியவேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தண்ணீர் வரவும் போகவும் வழி வேண்டும். ஒவ்வொரு அறையிலிருந்தும் நேராக வெளியே போக ஒரு கதவு வேண்டும்.

தூக்கிவாரிப் போட்டது. சத்தியமாக ஜோடிக்கவில்லை மக்களே. எங்கம்மாவுக்கு நெதர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அந்தப் பெண்மணியின் பெயர் ட்ரூஸ் ஷ்ரோடர். 1889-ல் பிறந்தவர். மருந்தாளுநர் படிப்பு படித்தவர். 1911-ல் ஃபிரிட்ஸ் ஷ்ரோடர் என்ற வக்கீலைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவருக்கு அவரைவிடப் பதினொரு வயது கூட. உத்ரெக்ட் நகரத்தில் பெரிய வீடு. கீழே வக்கீல் ஆபீஸ், மேலே குடித்தனம். உயரமான கூரை, கனமான திரைச்சீலை, இருட்டு. மூன்று குழந்தைகள். குழந்தைகளை எப்படி வளர்ப்பது என்பதில் கணவன் மனைவிக்குள் ஒத்துப்போகவே இல்லை. பெரியவர்கள் பேசும் இடத்தில் குழந்தைகளும் இருக்கவேண்டும், எல்லாம் அவர்கள் காதில் விழவேண்டும் என்பது அந்தம்மாவின் கட்சி. அந்தக் காலத்து வசதியான டச்சுக் குடும்பங்களில் இது பெரிய புரட்சி.

மனைவியைச் சமாதானம் செய்ய நினைத்தாரோ என்னவோ, 1921-ல் வீட்டில் ஓர் அறையை அவர் இஷ்டப்படி மாற்றிக்கொள்ள வக்கீலய்யா ஒத்துக்கொண்டார். அந்த வேலைக்கு வந்தவர் கெரிட் ரீட்ஃபெல்ட்.

இவர் ஆர்க்கிடெக்டாகப் பெயரெடுத்தவர் இல்லை அப்போது. உத்ரெக்டில் ஒரு தச்சரின் மகன். பன்னிரண்டு வயதுக்குள்ளேயே அப்பாவின் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். ராத்திரியில் வரைபட வகுப்பு. 1917-ல் சொந்தமாக நாற்காலி மேசைப் பட்டறை போட்டார். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சிவப்பு நீல நாற்காலி இவருடையதுதான். 1918 வாக்கில் செய்தது, வண்ணம் பின்னாளில் பூசினது. 'டி ஸ்டைல்' என்று 1917-ல் ஆரம்பித்த ஒரு கலைஞர் கூட்டம் இவரைச் சேர்த்துக்கொண்டது. நேர்கோடு, செங்கோணம், சிவப்பு நீலம் மஞ்சள், கூடவே கறுப்பு வெள்ளை சாம்பல். இதுதான் அவர்கள் சரக்கு.

1923-ல் ஃபிரிட்ஸ் இறந்துபோனார். ட்ரூஸுக்கு முப்பத்துநாலு வயசு. மூத்த பையனுக்குப் பதினொன்று, கடைசிப் பெண்ணுக்கு ஐந்து. அந்தப் பெரிய இருட்டு வீடு இனி வேண்டாம் என்று முடிவு செய்தார். சின்னதாக ஒன்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாமா என்று முதலில் யோசித்து, கடைசியில் புதிதாகவே கட்டிவிடலாம் என்று ஆனது. ஊர்க்கோடியில் ஒரு மனை கிடைத்தது. பிரின்ஸ் ஹென்ட்ரிக்லான் என்ற தெருவில் வரிசையாகச் செங்கல் வீடுகள். அந்த வரிசையின் கடைசிச் சுவரை ஒட்டி ஒரு துண்டு நிலம். அதைத் தாண்டினால் ஊரே முடிந்தது, பசும்புல்வெளிதான்.

ரீட்ஃபெல்ட் அதுவரை ஒரு முழு வீடு கட்டியதே கிடையாது. கடை அலங்காரம், அறை அலங்காரம் அளவில்தான் அனுபவம். முதலில் ஒரு டிசைன் கொண்டுவந்தார். சாதாரணப் பெட்டி மாதிரி. அந்தம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். முதல் டிசைனைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? நம்ம ஊரில் பிளான் பிரிண்ட் அவுட் கைக்கு வந்தவுடனே பாதிப் பேருக்கு அது கோயில் பிரசாதம் மாதிரி ஆகிவிடுகிறது. நானும் அப்படித்தான், பத்திரமாக மடித்துப் பீரோவில் வைத்தேன்.

அவர்கள் இரண்டு பேரும் அறை அறையாக உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எங்கே வெயில் வரும், எந்தப் பக்கம் பார்வை நல்லாயிருக்கும், இங்கே கட்டில் போட்டால் விளக்கு எங்கே என்று. மாடியில்தான் குடியிருப்பேன் என்றார் அந்தம்மா. காற்றும் பார்வையும் அங்கேதான். கீழ்த்தளத்தைச் சுவர் வைத்து அறைகளாகப் பிரித்தார்கள். மாடிக்கு வந்தபோது, இந்தச் சுவர்களும் இல்லாமல் செய்ய முடியாதா என்று ட்ரூஸ் கேட்டார். ரீட்ஃபெல்ட்டுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? சந்தோஷமாகச் சுவர்களை அழித்துவிட்டார். ஆனால் அந்தம்மா விடவில்லை. குழந்தைகளுக்குத் தனியறையும் வேண்டுமே என்றார். சுவர் வேண்டாம், அறை மட்டும் வேண்டும்! நம்ம மேஸ்திரியாக இருந்தால் கரணையைக் கீழே போட்டுவிட்டுப் போயிருப்பார்.

தச்சரின் மகனுக்கு வழி தெரிந்திருந்தது. நகரும் தடுப்புகள். பகலில் எல்லாவற்றையும் தள்ளி ஒதுக்கிவிட்டால் மாடி முழுக்க ஒரே கூடம். ராத்திரி இழுத்து மூடினால் பையனுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை, நடுவே கூடம். அம்மாவின் படுக்கையறை ஓரமாக, சின்னதாக. நூறு வருஷம் ஆகிறது, இன்றைக்கும் உலகத்தில் எந்தக் கட்டடக்கலைக் கல்லூரிக்குப் போனாலும் இந்தத் தடுப்புகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள். அது நவீனக் கலையின் தத்துவத்தில் இருந்து மட்டும் வந்ததில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழந்தைகள் பக்கத்தில் இருக்கவேண்டும், ஆனால் அவர்களுக்கும் ஒரு மூலை வேண்டும் என்று ஒரு தாய் பிடிவாதமாக இரண்டையும் கேட்டதில் இருந்து வந்தது.

கட்டட அனுமதி விஷயம் இன்னும் சுவாரசியம். மாடியில் சுவரே இல்லாத வீட்டுக்கு அன்றைய விதிகளில் இடமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கீழ்த்தளத்தை விதிப்படி அறை அறையாகக் காட்டிவிட்டு, மாடியைப் பரண் என்று வரைபடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்ரூவல் பிளான் ஒன்று, கட்டுகிற வீடு ஒன்று என்பது ஏதோ நம்ம ஊர் கண்டுபிடிப்பு என்று இத்தனை நாளும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் :-) கீழே ஓர் இடத்தைக் கார் ஷெட் என்று போட்டிருந்தார்கள். அந்தம்மாவிடம் காரே கிடையாது. அதில் ரீட்ஃபெல்ட் தன் ஆபீசை வைத்துக்கொண்டார்.

1924-ல் வேலை நடந்து, அந்த வருஷக் கடைசியை ஒட்டிக் குடிவந்தார்கள். படத்தில் பார்த்தால் முழுக்கக் கான்கிரீட்டில் வார்த்த மாதிரி இருக்கும். இல்லை. கான்கிரீட் விலை கட்டுப்படியாகாததால் அஸ்திவாரத்துக்கும் பால்கனிக்கும் மட்டும் போட்டுவிட்டு, சுவரெல்லாம் செங்கல், மேலே பூச்சு. மாடியில் ஒரு மூலையில் இரண்டு ஜன்னல்கள் சேருகின்றன. நடுவில் தூண் கிடையாது. இரண்டையும் திறந்தால் வீட்டின் மூலையே காணாமல் போய்விடும். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. கீழே சமையலறையில் இருந்து மாடிக்குச் சாப்பாடு ஏற்றிவிட ஒரு குட்டி லிஃப்ட். வாசலில் யாராவது வந்தால் மாடியில் இருந்தே பேச ஒரு குழாய். மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தவருக்குத்தான் இதெல்லாம் தேவை என்று தெரியும்.

எல்லாம் இனிப்பு என்று சொல்லவில்லை. விநோதமான வீட்டில் இருக்கிற பிள்ளைகள் என்று பள்ளிக்கூடத்தில் கேலி நடந்திருக்கிறது. தினமும் தடுப்புகளை இழுப்பதும் தள்ளுவதும் ஒரு வேலைதான். ரீட்ஃபெல்ட்டுக்கோ மனைவியும் ஆறு குழந்தைகளும் இருந்தார்கள். அவருக்கும் ட்ரூஸுக்கும் இருந்த உறவு ஊரறிந்தது. அந்த மனைவியின் பக்கத்துக் கதையை யாரும் பெரிதாக எழுதவில்லை. 1957-ல் மனைவி இறந்த பிறகு அவர் இந்த வீட்டுக்கே வந்து, 1964-ல் சாகும் வரை இங்கேயே இருந்தார். 1960களில் வீட்டுக்கு முன்னால் உயர்த்திக் கட்டின பெரிய சாலை வந்து அந்தப் புல்வெளிக் காட்சியே போய்விட்டது. இனி இந்த வீட்டை இடித்துவிடலாம் என்றுகூட அவர் நினைத்தார். அந்தம்மா இடிக்க விடவில்லை. 1985-ல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்போதும் அவர் வீடு அதுதான். அறுபது வருஷம்! கடைசிப் பெண் ஹான், பின்னாளில் அவரே ஆர்க்கிடெக்ட் ஆனார். 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் வீடு சேர்ந்தது. ரொம்ப காலம் ரீட்ஃபெல்ட் கட்டின வீடு என்றே பேசினார்கள். இப்போது ரீட்ஃபெல்ட் ஷ்ரோடர் வீடு என்று இரண்டு பெயரும் சேர்ந்து வருகிறது.

கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தும் காரியம் ஆகாத கதையும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். பாரீசுக்கு வெளியே பொவாசி என்ற ஊரில் சவ்வா தம்பதி. லெ கொர்புசியேயைக் கூப்பிட்டு வாரக்கடைசிக்குக் குடும்பத்தோடு தங்க ஒரு வீடு கேட்டார்கள். நம்ம சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்டாரே, அவரேதான். 1928-ல் ஆரம்பித்து 1931-ல் முடிந்தது. திருமதி சவ்வாவும் சும்மா இருக்கவில்லை. வெந்நீர், மின்சாரம், மூன்று கார் நிற்க இடம் என்று விவரமாக எழுதிக் கொடுத்தார். வந்தது என்னவென்றால், மெல்லிய தூண்கள் மேல் மிதக்கிற மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி, தட்டையான மொட்டைமாடி, உள்ளே சாய்தளம். அழகு. ஆனால் ஒழுகியது. கூடத்தில் ஒழுகுகிறது, சாய்தளத்தில் ஒழுகுகிறது, கார் ஷெட் சுவர் ஊறிப்போய்விட்டது, மழை வந்தால் குளியலறையில் வெள்ளம் என்று அந்தம்மா 1936-ல் கடிதம் எழுதுகிறார். மேல்கூரைக் கண்ணாடியில் மழை விழுகிற சத்தத்தில் தூக்கமே இல்லை என்று அதற்கும் முன்னால் ஒரு புகார். அடுத்த வருஷம், இது குடியிருக்க லாயக்கில்லாத வீடு, செலவு உங்கள் பொறுப்பு, என்னைக் கோர்ட்டுக்குப் போக வைக்காதீர்கள் என்கிற அளவுக்குப் போய்விட்டது. 1940-ல் போர் வந்து குடும்பம் வெளியேறியது. முதலில் ஜெர்மானியர்கள், பிறகு அமெரிக்கர்கள் பட்டாளமாக வந்து தங்கினார்கள். 1958-ல் பள்ளிக்கூடம் கட்ட ஊராட்சி நிலத்தை எடுத்துக்கொண்டது. வீட்டை இடிக்கக்கூடாது என்று உலகம் முழுக்க இருந்து ஆர்க்கிடெக்டுகள் குரல் கொடுத்து 1965-ல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கினார்கள். குடியிருந்தவருக்காக யாரும் குரல் கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவிலேயே நிற்கவேண்டாம், பக்கத்தில் கொழும்புக்கு வருவோம். அங்கே ஏனா டி சில்வா. பத்திக் துணிக் கலைஞர், மாத்தளைப் பக்கம் பெரிய குடும்பத்துப் பெண். கணவர் ஒஸ்மண்ட் டி சில்வா பொலிஸ் தலைமை அதிகாரியாக இருந்தவர். 1960-ல் ஜெஃப்ரி பாவாவிடம் வீடு கேட்டு வந்தார். நகரத்துக்குள் சின்ன மனை. இவருக்கோ தன் ஊர்ப்பக்கத்துப் பழைய பெருவீடு மாதிரி நடுவே முற்றம் வேண்டும். கணவருக்கு ஆபீஸ், தனக்குப் பட்டறை, சாமி அறை எல்லாம் வேண்டும். ஆனால் பழசாகத் தெரியக்கூடாது, இந்தக் காலத்து வீடாகவும் இருக்கவேண்டும்! லண்டனில் படித்துத் திரும்பிச் சில வருஷமே ஆகியிருந்த பாவாவுக்கு இது பெரிய சோதனை. மனையைச் சுற்றி மதில், நடுவில் பெரிய முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், ஓட்டுக்கூரை, மரத்தூண். 1962-ல் வீடு முடிந்தது. நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது, செட்டிநாட்டிலும் அக்கிரகாரத்திலும் பார்த்ததுதானே என்போம். ஆனால் அந்தக் காலக் கொழும்பில் வசதியானவர்கள் தோட்டத்துக்கு நடுவே பங்களா கட்டிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தை மறுபடி ஊருக்குள் கொண்டுவந்தது இந்த வீடு என்கிறார்கள். பாவாவின் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வருகிற அந்த முற்றத்துக்குப் பின்னால், பாட்டி வீட்டை மறக்காத ஒரு பெண்ணின் பிடிவாதமும் இருக்கிறது.

2009-ல் அந்த மனை பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கைமாறியபோது வீட்டை இடித்துக் குப்பையில் போடவில்லை. கல், தூண், ஓடு என்று நம்பர் போட்டுக் கழற்றி, பெந்தோட்டை பக்கம் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். ஏனா 2015-ல் காலமானார்.

இதெல்லாம் படித்துவிட்டு ஒருநாள் ராத்திரி அம்மாவிடம் உத்ரெக்ட் அம்மாவின் கதையைச் சொன்னேன். கட்டில், குழாய், கதவு மூன்றையும் சொன்னேன். கேட்டுட்டு, "அந்தம்மாவுக்கும் முழங்கால் வலியா?"ன்னாங்க. இல்லைம்மா, அவங்களுக்கு முப்பத்தஞ்சு வயசுதான் அப்பன்னேன். "பின்ன, அறிவு இருந்திருக்கு"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை கொத்தனாரைக் கூட்டிக்கிட்டு வந்தேன். பில்லர் வச்சுக் கட்டின வீடு, லிண்டலுக்குக் கீழ சுவரை வெட்டறதுல ஆபத்து ஒண்ணும் இல்லைன்னார். பேப்பர் மூட்டையெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போயாச்சு. ஹால்ல இருந்து கட்டிலைத் தூக்கிட்டுப் போய் ஜன்னலோரமா ஒரு தடவை, எதிர்ச்சுவர்ல ஒரு தடவைன்னு போட்டுப் பார்த்தோம். நான் சாக்பீஸால சுவர்ல கதவை வரைஞ்சேன். அம்மா அதைப் பார்த்துட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டாங்க.

"ஏம்ப்பா, கதவு வெளிப்பக்கமாத் தொறக்கற மாதிரி வையி. உள்பக்கம் தொறந்தா கட்டில்ல இடிக்கும். படி ஒசரம் வேணாம், ரெண்டு சின்னப் படியா வச்சிடு. கொழாயை இந்த மூலைல போடு, தண்ணி நேரா முருங்கைக்குப் போயிடும்."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான், அம்மா சொல்ற மாதிரியே பண்ணிடுங்கன்னேன். நிலைக்கு வேப்பமரம் சொல்லியிருக்கு, புதன்கிழமை வருது.